உறுதி எங்கே?

ஜேர்மனியில் வீடு வாங்கும் எம்மவர் கேட்கும் கேள்விகள் சில

புலம்பெயர்ந்த மண்ணில் வீடு வாங்கிய எம்மவர் குடும்பங்களில், மூத்தவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. 'உறுதி எங்கே?' என்பதே அது. வீட்டுக்காரர் நோட்டார் அலுவலகத்திற் கிடைத்த உடன்படிக்கைப் பிரதியை எடுத்துக் காட்டுவார். கவனமாக வைக்கும்படி புத்தி சொல்லப்படும். அதுவும் சாமியறைத் தட்டுக்கோ அலுமாரியின் அடிப்பகுதிக்கோ போய்ச் சேரும். உண்மையில் அந்தக் கடதாசி தீயில் எரிந்து போனாலும் வீட்டுக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. அதேவேளை, அந்தக் கடதாசி கையில் இருப்பதனால் மட்டும் வீடு ஒருவருக்குச் சொந்தமாகிவிடுவதும் இல்லை. இந்த இரண்டாவது செய்தியைத்தான் எம்மவரிற் பலர் அறியாதிருக்கின்றனர்.

கேள்வியில் தவறில்லை. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாறுவதாயின் அது எழுத்தில், நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நிறைவேற வேண்டும் என விதித்தது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காணிக் கந்தோரிற் பதியப்படுவது அந்த உறுதியே, காணியின் உரித்தன்று. ஆகவே ஒரு வளவின் உரித்தை அறிய விரும்புபவர் பாட்டன் காலத்து உறுதியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி வரவேண்டியிருந்தது. உரித்தையே பதிவுசெய்யும் முறைக்கு இலங்கையில் 1998ஆம் ஆண்டிலேதான் தனிச் சட்டம் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது, உடுபுடைவைக்கு முன்னதாக உறுதிக் கட்டை எடுத்துக்கொண்டவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு அந்தக் கட்டே வளவு.

ஜேர்மனியில் நிலைமை நேர்மாறானது. இங்கு உரித்து இருப்பது கடதாசியில் அன்று. 'குறுண்ட்பூஹ்' என்னும் நிலப்பதிவேட்டில். அப்பகுதி நீதிமன்றமாகிய அம்ட்ஸ்கெறிக்ட்டில் அமைந்துள்ள நிலப்பதிவகம் அதனைப் பேணி வருகிறது. 1900ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் சட்டக்கோவை, விற்பனை உடன்படிக்கையையும் உரிமை மாற்றத்தையும் இரண்டு தனிச் செயல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நோட்டாரின் மேசையிற் கையொப்பமிடுவதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கடமைகள் உண்டாகின்றன. வீடு கைமாறுவது, 'அவுஃப்லாசுங்' எனப்படும் உரிமைமாற்ற உடன்பாடு நோட்டார் முன் தெரிவிக்கப்பட்டு, புதிய உரிமையாளரின் பெயர் பதிவேட்டில் ஏறும் நாளிலேதான். இரண்டுக்கும் இடையே பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் செல்லலாம்.

பதிவேட்டின் தாள் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவதில் உரிமையாளர் யார் என்பது. இரண்டாவதில் அந்த நிலத்தின் மீது பிறருக்குள்ள உரிமைகள்: வழியுரிமை, ஆயுட்கால வதிவுரிமை, கட்டாய ஏலம் பற்றிய குறிப்பு முதலியன. மூன்றாவதில் ஈட்டுச் சுமைகள். எம்மவர் மூன்றாம் பகுதியை மட்டுமே கவனிக்கின்றனர். வங்கிக் கடன் தீர்ந்ததா என்பது எல்லோருக்கும் விளங்கும் கேள்வி. இரண்டாம் பகுதியில் ஒரு மூதாட்டிக்கு ஆயுட்கால வதிவுரிமை எழுதப்பட்டிருந்தால், அவர் வாழும்வரை அந்த அறைகள் அவருக்கே உரியவை. வீட்டை யார் வாங்கினாலும் அதுவே நிலை. எந்தப் பதிவிலும் ஏறாத வாடகைக்காரருக்குங்கூடப் பாதுகாப்பு உண்டு. வீடு விற்கப்பட்டாலும் வாடகை ஒப்பந்தம் முறியாது. வெறுமையான வீட்டை வாங்குகிறோமா, ஆட்கள் குடியிருக்கும் வீட்டை வாங்குகிறோமா என்பதை முதல் நாளே கேட்டறிய வேண்டும்.

இந்தப் பதிவேட்டுக்குச் சட்டம் பெருமதிப்புக் கொடுத்திருக்கிறது. பதிவேட்டில் உரிமையாளராகத் தோன்றுபவரை நம்பி நல்லெண்ணத்துடன் வாங்கியவர் பாதுகாக்கப்படுகிறார். வாங்குபவருக்கு இது பெரும் வரம். ஆனால் இதே விதி எமது சமூகத்தின் ஒரு பழக்கத்தோடு மோதும்போது, விளைவு கொடியதாகிறது.

யாருடைய பெயரில்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தம்பிக்கு நிரந்தர வதிவிட அனுமதி இல்லை. அல்லது வேலை ஒப்பந்தம் குறுகிய காலத்துக்குரியது. வங்கி கடன் தர மறுக்கிறது. அண்ணருக்கோ நிலையான வேலை உண்டு. 'அண்ணையின் பெயரில் வாங்குவம், மாதாமாதம் நான் கட்டுறன், பிறகு மாத்தி எழுதுவம்' என்று முடிவாகிறது. முற்பணம் தம்பியின் சேமிப்பு. தவணைப் பணம் தம்பியின் உழைப்பு. வீட்டிற் குடியிருப்பதும் தம்பி குடும்பமே. பதிவேட்டின் முதலாம் பகுதியில் இருப்பது அண்ணரின் பெயர். இத்தகைய ஏற்பாடுகள் எம்மவர் மத்தியில் உண்டென்பதை வாசகர்களும் அறிவர்.

இதற்கு அண்ணர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் இறந்தால் வீடு அவருடைய வாரிசுகளின் உடைமையாகும். அவருடைய மணவாழ்வு முறிந்தால் அவரது சொத்துக் கணக்கில் அந்த வீடும் சேர்க்கப்படும். அவர் தொழில் நடத்திக் கடன்பட்டால், கடன்கொடுத்தோர் பதிவேட்டைப் பார்த்து அந்த வீட்டின் மீதே கைவைப்பர். வீட்டை மாற்றித் தருவதாகக் கூறிய வாய்வார்த்தையைத் தம்பி நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முற்பட்டால், நிலத்தைக் கொடுக்கவோ வாங்கவோ ஒப்புக்கொள்ளும் உடன்பாடு நோட்டாரால் எழுதப்பட வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும். கட்டிய காசுக்குச் சான்று இருந்தால் காசைக் கேட்டு வழக்காட இடமுண்டு. வீட்டைக் கேட்பது மிகக் கடினமான வழக்கு.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, பத்து ஆண்டுகளின் பின் அண்ணர் மனமுவந்து மாற்றி எழுதினாலும் செலவு தீராது. கணவன் மனைவிக்கிடையிலும், பெற்றோர் பிள்ளைகள் என்ற நேர்வழி உறவினருக்கிடையிலும் வீடு கைமாறும்போது நிலக்கொள்வனவு வரி இல்லை. சகோதரருக்கு இந்தச் சலுகை கிடையாது. விலைக்கு மாற்றினால் கொள்வனவு வரி மீண்டும் ஒருமுறை வரும். அன்பளிப்பு என்று எழுதினால் அன்பளிப்பு வரி. சகோதரருக்கிடையே அதற்குரிய விலக்கு 20,000 யூரோ மாத்திரமே. எமது பண்பாட்டில் அண்ணன் தம்பி என்பது ஒரே அடுப்பு. ஜேர்மன் வரிச்சட்டத்துக்கு அவர்கள் ஏறத்தாழ அந்நியர்.

வேறு வழியில்லையா? உண்டு. இருவரும் பங்கு விகிதம் குறித்து இணையுரிமையாளராகப் பதியலாம். முழுவதும் ஒருவர் பெயரில் இருக்கத்தான் வேண்டுமெனின், மீள மாற்றித்தரும் கடமையை நோட்டார் முன் எழுதி, அக்கோரிக்கைக்கு ஒரு முற்குறிப்பைப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் ஏற்றலாம். கொடுத்த பணத்துக்கு ஈடாக மூன்றாம் பகுதியில் ஒரு சுமையைப் பதியலாம். இவற்றுக்கு வங்கியின் இணக்கமும் நோட்டார் கட்டணமும் தேவைப்படும். 'அண்ணையிட்டைக் கையெழுத்துக் கேக்கிறதோ' என்ற கூச்சமே எம்மவரை இவ்வழியிற் செல்லவிடாது தடுக்கிறது. கூச்சத்தின் விலை சிலருக்கு ஒரு முழு வீடாகிறது.

கணவன் மனைவி விடயத்திலும் இதனைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் சீதன வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதுவது நெடுங்கால வழமை. அந்த வழமையில் வளர்ந்தவர்களே இங்கு, சம்பளப் பத்திரம் கணவனுடையது என்ற காரணத்தால், வீட்டைக் கணவனின் பெயரில் மட்டும் பதிகின்றனர். மனைவி இரண்டு இடங்களில் துப்புரவு வேலைசெய்து கட்டிய தவணைகள் பதிவேட்டிற் காணப்படமாட்டா. ஜேர்மன் சட்டப்படி மணமானவர்களின் உடைமை எல்லாம் தானாகவே பொதுவாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வழக்கமான மணச்சொத்து முறையில், மணவாழ்வு நீடிக்கும் காலத்தில் அவரவர் சொத்து அவரவருடையதே. மணம் முடிவுறும்போது அக்காலத்தில் ஏற்பட்ட சொத்துப் பெருக்கம் கணக்கிடப்பட்டுப் பணமாகவே ஈடுசெய்யப்படுகிறது. இருவர் பெயரையும் சரிபாதியாகப் பதிவதற்கு ஒரு வசனமே போதும். அதனைக் கையொப்பத்துக்கு முன் சொல்ல வேண்டும்.

நோட்டார் 'எங்கே, எப்போது மணமுடித்தீர்கள்?' என்று வினவுவதும் இதன்பொருட்டே. 2019ஆம் ஆண்டு சனவரி 29ஆம் திகதிக்கு முன் மணமுடித்தோருக்கு, மணநாளில் இருவருக்கும் பொதுவாயிருந்த குடியுரிமை எந்நாட்டினதோ அந்நாட்டுச் சட்டமே முதலில் நோக்கப்படுகிறது. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு வாழும் நாடு முக்கியம் பெறும். ஆகவே யாழ்ப்பாணத்தில் நடந்த திருமணத்துக்கு இலங்கைச் சட்டமும், அதன் வழியே தேசவழமையின் தேடியதேட்டமும் இந்த மேசைக்கு வந்து சேரக்கூடும். எந்தச் சட்டம் தமக்குரியது என்பதை நோட்டாரிடமே கேட்டறியலாம். ஜேர்மன் சட்டத்தைத் தெரிவுசெய்து எழுதவும் இடமுண்டு.

வதிவிட அனுமதி பற்றிய வினாவுக்கு விடை சிறிது. ஜேர்மனியில் வீடு வாங்குவதற்குக் குடியுரிமையோ குறிப்பிட்ட வதிவிட அனுமதியோ சட்ட நிபந்தனையன்று. கடன் தருவதற்கு அதனை நோக்குவது வங்கியே. வீடு வாங்கினால் வதிவிட உரிமை கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் அதனையும் நம்ப வேண்டாம்.

மேசையில் நடப்பது

நோட்டார் எமது சட்டத்தரணி அல்லர். விற்பவருடையவரும் அல்லர். இரு பக்கத்துக்கும் நடுநிலையாக நின்று, உடன்படிக்கையின் சட்ட விளைவுகளை விளக்க வேண்டியவர். வீட்டின் விலை நியாயமானதா, கூரை ஒழுகுமா என்பது அவருடைய கேள்வியன்று. வழமையாகக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துவதால், நோட்டாரை வாங்குபவரே தெரிவதும் வழமை.

உடன்படிக்கை முழுவதையும் சம்பந்தப்பட்டோர் முன்னிலையில் உரத்து வாசிக்க வேண்டும் என்பது சட்டம். முப்பது பக்கங்களை ஓய்வின்றி விரைந்து வாசிக்கும் நோட்டார்கள் உள்ளனர். ஜேர்மனியருக்கே அது விளங்குவது கடினம். இடைமறித்துக் கேட்பதற்கு எவருக்கும் உரிமையுண்டு. அதற்காகவே அந்த வாசிப்பு. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில், கேள்வி கேளாத மாணவரைக் கண்டே நாம் அஞ்சினோம்; விளங்காதவர்தாம் மௌனமாகத் தலையசைப்பர்.

மொழி பற்றி ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். போதிய ஜேர்மன் மொழியறிவு தமக்கில்லை என்று ஒருவர் சொன்னாலோ, நோட்டார் அவ்வாறு கருதினாலோ, உடன்படிக்கை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். எழுத்திலான மொழிபெயர்ப்பைக் கேட்கும் உரிமையும் உண்டு. மொழிபெயர்ப்பாளராகத் தமது மகளையோ மகனையோ கணவனையோ மனைவியையோ இருத்த முடியாது. நெருங்கிய உறவினரைச் சட்டம் விலக்கியிருக்கிறது. வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் மாநகர அலுவலகத்திலும் எமது பிள்ளைகளே எமக்கு வாயாக இருந்து வந்துள்ளனர். பன்னிரண்டு வயதிற் பெற்றோரின் அகதி வழக்குக் கடிதங்களை வாசித்துக் காட்டிய தலைமுறை அது. இங்கே மட்டும் சட்டம் அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. 'எல்லாம் விளங்கும்' என்று வெட்கத்தினாற் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லும் ஆவணத்தில் ஏறிவிடும்.

விற்பவர் ஒரு தொழில் நிறுவனமாகவும் வாங்குபவர் சாதாரண நுகர்வோராகவும் இருப்பின், உடன்படிக்கையின் வரைவு பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்னரே நோட்டாரால் வாங்குபவருக்கு அனுப்பப்பட வேண்டும். தனியாரிடம் வாங்கும்போது இந்தக் கால வரையறை இல்லாவிடினும் வரைவைக் கேட்டுப் பெறலாம்; பெறவே வேண்டும். ஏனெனில் கையொப்பமிட்ட பின் 'பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்' என்ற கதை இதற்குப் பொருந்தாது. வங்கிக் கடன் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை இருக்கலாம். வீட்டு உடன்படிக்கையிலிருந்து அவ்வாறு விலக முடியாது. கடன் கிடைப்பது உறுதியாகாமல் நோட்டாரிடம் போனால், காசில்லாமலே விலை கொடுக்கக் கடமைப்பட்டவராக வெளியே வர நேரிடும்.

அதே நாளில் வங்கிக்காக 'குறுண்ட்சூல்ட்' எனப்படும் ஈட்டுச் சுமையும் எழுதப்படுவது வழமை. அதில், தவணை தவறினால் வழக்கின்றியே உடனடி நிறைவேற்று நடவடிக்கைக்கு உட்படுவதாக ஒரு வாசகம் இருக்கும். அது பெரும்பாலும் வீட்டை மட்டுமன்றிக் கடன்பட்டவரின் ஏனைய சொத்தையும் தழுவும். இவ்வாசகம் வழமையானதே, மறுத்தால் கடன் கிடைப்பது அரிது. ஆயினும் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதைத் தெரிந்தே இடவேண்டும்.

பணம் எப்போது?

நோட்டார் கடிதம் வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எல்லா ஏற்பாட்டினதும் உயிர்நாடி இதுவே. கையொப்பத்தின் பின், வாங்குபவரின் கோரிக்கையைப் பாதுகாக்கும் முற்குறிப்பு பதிவேட்டில் ஏற்றப்படுகிறது. அதன்பின் விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்கு எழுதினாலும், புதிய கடனை ஏற்றினாலும், அது முற்குறிப்புப் பெற்றவரைப் பாதிக்காது. நகரசபைக்கு முன்வாங்கும் உரிமை இல்லை, அல்லது அது பயன்படுத்தப்படாது என்ற சான்று வரவேண்டும். விற்பவரின் பழைய வங்கி, தனது ஈட்டை நீக்குவதற்கான ஆவணங்களை நோட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். இவை நிறைவேறியதும், விலை செலுத்தும் தவணை வந்துவிட்டது என நோட்டார் எழுதுவார். 'அவசரமாகக் காசு தேவை, கொஞ்சம் முன்னுக்குத் தாருங்கோ' என்று விற்பவர் கேட்டால், அவர் நல்ல தமிழராயினும் மறுப்பதே முறை.

காசாகக் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. முடியாது. 2023ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி தொடக்கம் ஜேர்மனியில் வீடு, நிலம் ஆகியவற்றின் விலையைக் காசாகவோ தங்கமாகவோ மறைநாணயமாகவோ செலுத்துவது தடுக்கப்பட்டுள்ளது. வேறு வழியிற் செலுத்தியதற்கான சான்றை நோட்டாருக்குக் காட்ட வேண்டும். சீட்டுப் பிடித்து வீட்டிற் சேர்த்த பணம் உள்ளவர்களுக்கு இது பெரும் இடர். 10,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகையைத் தமது வங்கிக் கணக்கிற் காசாகப் போடச் சென்றால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கி சான்று கேட்கும். உறவினர் கைமாற்றுத் தருவதாயின் வங்கி வழியாகவே பெற்று, ஒரு பக்கக் கடன் ஒப்பந்தத்தையேனும் எழுதிக்கொள்ள வேண்டும்.

விலையைக் குறைத்து எழுதும் பழக்கத்தையும் ஊரிலிருந்து கொண்டுவந்தவர்கள் உளர். முத்திரைச் செலவைக் குறைக்க உறுதியில் ஒரு தொகை, கையில் இன்னொரு தொகை. இங்கே இதன் விளைவு விசித்திரமானது. எழுதிய விலை இருவரும் விரும்பாத போலி உடன்பாடு; ஆகவே செல்லாது. பேசிய விலை நோட்டாரால் எழுதப்படாதது. ஆகவே அதுவும் செல்லாது. பதிவேட்டில் உரிமை மாறும்வரை இருவர் கையிலும் எந்த உடன்படிக்கையும் இல்லை. கையிற் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டும் இல்லை. வரி ஏய்ப்புக் குற்றம் தனியே.

செலவுக் கணக்கைச் சுருங்கச் சொல்வோம். நிலக்கொள்வனவு வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: பவேரியாவில் 3.5 வீதம், நோர்ட்றைன் வெஸ்ட்பாலனில் 6.5 வீதம். 300,000 யூரோ வீட்டுக்கு மியூனிச் பக்கத்தில் 10,500 யூரோ வரி. டோட்மூண்டில் 19,500 யூரோ. நோட்டாருக்கும் பதிவகத்துக்குமாக ஏறத்தாழ 1.5 முதல் 2 வீதம். தரகர் இருந்தால் அவருடைய கட்டணம் வேறு. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதியிலிருந்து, விற்பவர் அமர்த்திய தரகரின் கட்டணத்தில் பாதிக்கு மேல் தனிவீடோ தொடர்மாடி வீடோ வாங்கும் நுகர்வோர் தலையிற் கட்ட முடியாது. வரி செலுத்தியதாகப் பினான்ஸ்அம்ட் சான்று தராதவரை பதிவேட்டிற் பெயர் ஏறாது. இந்தச் செலவுகளுக்கு வங்கிகள் கடன்தரப் பெரும்பாலும் தயங்குகின்றன. ஆகவே சேமிப்பு முழுவதையும் முற்பணமாகக் கணக்கிட்டுவிடலாகாது.

பழைய வீடுகள் பெரும்பாலும் 'பார்த்தபடி' விற்கப்படுகின்றன. குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்லர் என்று எழுதப்படும். தெரிந்தே மறைத்த குறைக்கு இந்த வாசகம் அவரைக் காப்பாற்றாதெனினும், தெரிந்தே மறைத்தார் என நிரூபிப்பது வாங்கியவரின் பாடு. ஒரு கட்டட வல்லுநரை முன்னரே அழைத்துச் சென்று காட்டும் செலவு இதனோடு ஒப்பிடச் சிறிது. தொடர்மாடியில் ஒரு வீட்டை வாங்குவோர், உரிமையாளர் கூட்டங்களின் கடந்த சில ஆண்டுக் கூட்டறிக்கைகளைக் கேட்டு வாசிக்க வேண்டும். கூரை மாற்றவும் மின்தூக்கி திருத்தவும் எடுத்த தீர்மானங்கள் அதிலேயே இருக்கும். அவற்றின் செலவு புதிய உரிமையாளரின் வாசலுக்கு வந்து சேரலாம்.

இறுதியாக, பெயர்கள். எமது கடவுச்சீட்டுகளில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், சிலருக்குச் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கிறது. கணவனின் ஆவணத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், மணச் சான்றிதழில் வேறொன்று, வங்கியில் மூன்றாவது. நோட்டார் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையோ அகதிகளுக்கான பயண ஆவணத்தையோ பார்த்தே எழுதுவார். வேறுபாடு இருப்பின் வரைவு தயாராகும்போதே அறிவிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் நிலப்பதிவகத்திலிருந்து, பதிவு நிறைவேறியதை அறிவிக்கும் கடிதம் வரும். பார்வைக்கு அது ஒரு சாதாரண அறிவித்தல். எம்மவர் பலர் திறந்து பார்த்துவிட்டு ஒருபுறம் வைத்துவிடுகின்றனர். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், பிறந்த திகதியையும், இருவர் பெயரும் சரிபாதியாக ஏறியிருக்கிறதா என்பதையும் அன்றே ஒப்புநோக்கி, பிழையிருப்பின் உடனே நோட்டாருக்கு எழுத வேண்டும்.